நட்லின்-3ஏவா, ரீட்டாவா? பி53-ஐத் தூண்ட எதை வாங்குவது

டிஎன்ஏவைச் சேதப்படுத்தாமல், செல்கள் புற்றுநோயாக மாறாமல் காக்கும் பி53 புரதத்தை மட்டும் தூண்டிப் பார்க்க வேண்டியிருந்தபோது, எங்கள் ஆய்வகத்தில் நட்லின்-3ஏ, ரீட்டா என்னும் இரு சேர்மங்களை எடைபோட்டு நட்லின்-3ஏவையே வாங்கினோம். எம்டிஎம்2 என்னும் புரதம் பி53-ஐப் பற்றிக்கொண்டு, யூபிகுவிட்டின் என்னும் சிறு புரத அடையாளத்தை ஒட்டி, அழிவுக்கு அனுப்புகிறது; அந்தப் பிடியை விலக்கினால் பி53 செல்லுக்குள் தேங்கும்.

இரண்டும் 2004-இல் வெளிவந்தவை. நட்லின் ரோஷ் நிறுவனத்தின் நியூஜெர்சி ஆய்வகத்தில் பிறந்து, அது இருந்த நட்லி என்ற ஊரின் பெயரையே பெற்றது. ரீட்டாவை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா குழுவினர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சேர்மத் தொகுப்பிலிருந்து சலித்தெடுத்தனர். பி53 தன் ஃபீனைல்அலனின் 19, டிரிப்டோஃபேன் 23, லூசின் 26 ஆகிய அமினோ அமிலங்களைச் செருகும் எம்டிஎம்2 குழிகளில் நட்லின் சென்று அமர்வது படிகக் கட்டமைப்பிலேயே தெரிகிறது. ரீட்டா பி53-ஐப் பற்றுகிறது என்றே முதலில் சொல்லப்பட்டது. ஆனால் அது பி53-எம்டிஎம்2 பிணைப்பைத் தடுக்கவில்லை என்று 2005-இல் ஒரு என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆய்வு மறுத்தது.

எங்களுக்கு முடிவைத் தந்தது அதுகூட அன்று, நட்லினின் ஆடிப்பிம்ப இரட்டையான நட்லின்-3பி. அணுக்களும் எடையும் கரைதிறனும் ஒன்றாகவே இருக்க, வலமும் இடமும் மட்டும் மாறிய இந்த மூலக்கூறு எம்டிஎம்2-வை ஏறத்தாழ நூற்றைம்பது மடங்கு வலுக்குறைந்தே தடுக்கிறது. ஆகவே டிஎம்எஸ்ஓ (சேர்மமில்லாத வெறும் கரைப்பான்), 3பி, 3ஏ இட்ட செல்களின் புரதங்களை ஜெல்லில் மூன்று தடங்களாக அடுத்தடுத்து ஓட்டி, முதலிரண்டில் மங்கலாகவும் மூன்றாவதில் அடர்த்தியாகவும் பி53, அது தூண்டும் பி21, எம்டிஎம்2 ஆகிய புரதங்களின் பட்டைகள் எழக் கண்டால், அந்த எழுச்சி சேர்மத்தின் பொதுவான நச்சால் வந்ததன்று என்று துணிந்து எழுதலாம். ரீட்டாவுக்கு இப்படி ஓர் இரட்டை இருக்க வழியில்லை, ஏனெனில் அம்மூலக்கூறுக்கு வல-இட வேறுபாடே கிடையாது. போதாக்குறைக்கு, பி53 நீக்கப்பட்ட செல்களையும் அது கொல்வதை 2016-இன் கிறிஸ்பர் (மரபணு வெட்டும் முறை) சோதனைகள் காட்டின. அதே சோதனைகளில் நட்லினின் விளைவு முழுவதும் பி53-ஐச் சார்ந்தே இருந்தது.

ரீட்டாவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நட்லின் பல செல் வரிசைகளில் பிரிதலை நிறுத்துவதோடு நின்றுவிடுகிறது. எம்டிஎம்2-வின் உறவுப் புரதமான எம்டிஎம்எக்ஸ் மிகுந்த செல்களில் அந்த விளைவும் தளர்கிறது. செல்லைச் சாகடிப்பதே நோக்கமானால் ரீட்டாவின் கை ஓங்கலாம், ஆயினும் நாங்கள் கையாண்டவை இரண்டு செல் வரிசைகளே என்பதால் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன். விலங்குச் சோதனை பற்றி எனக்குக் கருத்தே இல்லை.

வாங்குவோர் 3 என்ற எண்ணுக்குப் பின்னுள்ள எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் ‘நட்லின்-3’ என்று விற்கப்படுவது 3ஏ, 3பி இரண்டும் சரிபாதியாகக் கலந்தது. அதை 3ஏ என்றெண்ணி நான் இரண்டு வாரம் செறிவுக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன்.