வளாகத்துக்கு வெளியே வீட்டு இணையம்: கேபிள் மோடமா, ஃபைபரா, 5ஜியா?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களுக்கு வந்து இறங்கும் தமிழ் மாணவர்களும், ஆய்வாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் பணியேற்க வருபவர்களும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கையோடு வீட்டு இணையத்தைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வளாகத்துக்குள் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் எஜுரோம் என்ற வைஃபை இருக்கிறது. விடுதி அறைகளுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே இணைப்புத் தந்துவிடுகிறது. வளாகத்தின் எல்லையைத் தாண்டி வீடெடுப்பவர் தனியார் நிறுவனத்தோடு தாமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல முகவரிகளில் வேகமான கம்பி இணைப்பு என்றால் கேபிள் நிறுவனம் ஒன்றுதான். சிலவற்றில் அதனுடன், வீடு வரை ஒளியிழையாகவே வரும் ஃபைபரும் கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் 5ஜி வீட்டு இணையமும் போட்டிக்கு வந்திருக்கிறது. விளம்பரங்கள் மூன்றையும் பதிவிறக்க வேகத்தை வைத்தே ஒப்பிடுகின்றன. பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வாழ்பவர் முதலில் பார்க்க வேண்டியவை பதிவேற்ற வேகமும், இணைப்பை விட்டு விலகும்போது ஆகும் செலவும் என்பதே இந்த அலசலின் நிலைப்பாடு.

கேபிள் இணைப்பில் பதிவேற்றம் ஏன் குறைவாக இருக்கிறது என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. நிறுவனத்தின் மையத்திலிருந்து குடியிருப்புப் பகுதியில் உள்ள நோட் எனப்படும் இணைப்பு முனையம் வரை ஒளியிழையும், அங்கிருந்து வீடு வரை தொலைக்காட்சிக்காகப் பதிக்கப்பட்ட கோஆக்சியல் கம்பியும் செல்கின்றன. ஒரே நோடிலிருந்து பிரியும் வீடுகள் எல்லாம் அதன் கொள்ளளவைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. தொலைக்காட்சி ஒருவழிச் சேவை என்பதால், வட அமெரிக்காவில் வீட்டிலிருந்து மையத்துக்குச் செல்லும் திசைக்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒடுங்கிய அலைவரிசைப் பட்டை மட்டுமே ஒதுக்கப்பட்டது. அதற்கு மேலுள்ள பரந்த பட்டை முழுவதும் வீட்டை நோக்கி வரும் தரவுக்குப் போயிற்று. கேபிள் கம்பியில் இணையத் தரவை அனுப்புவதற்கான டாக்சிஸ் தரநிலை 1997இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து 2006இல் 3.0, 2013இல் 3.1 என்று வளர்ந்து பதிவிறக்கம் கிகாபிட்டை எட்டிய பிறகும், பழைய பட்டைப் பிரிப்பு மாறாத ஊர்களில் கிகாபிட் பிளானுக்குக்கூட நொடிக்கு 35 மெகாபிட் அளவிலான பதிவேற்றமே கிடைத்தது. மலிவான பிளான்களில் அது 10 மெகாபிட்தான். பதிவேற்றப் பட்டையின் 42 மெகாஹெர்ட்ஸ் என்ற மேல் எல்லையை 85 அல்லது 204 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தும் பணி நடந்துவருகிறது. எனினும் ஒரே ஊரில் ஒரு தெருவுக்குக் கிடைத்தது அடுத்த தெருவுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த எண்களை அன்றாட வேலையோடு பொருத்திப் பார்க்கலாம். 100 கிகாபைட் அளவுள்ள ஆய்வுத் தரவைப் பல்கலைக்கழகச் சேமிப்பகத்துக்கு அனுப்ப 10 மெகாபிட் பதிவேற்றத்தில் ஏறத்தாழ 22 மணி நேரமும், 35 மெகாபிட்டில் ஆறேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், 300 மெகாபிட்டில் முக்கால் மணி நேரமும் ஆகும். நுண்ணோக்கிப் படங்கள், மரபணுத் தரவு, பதிவுசெய்த விரிவுரைகள் போன்றவற்றை வீட்டிலிருந்தே கையாளும் ஆசிரியருக்கும் முதுமுனைவர் ஆய்வாளருக்கும் இந்த வேறுபாடு ஒரு வேலை நாளையே விழுங்கிவிடக்கூடியது. கணினி அறிவியல் முதுகலை மாணவருக்கோ நிலைமை வேறு: அவருடைய கணிப்பு பல்கலைக்கழகத்தின் கணினிகளில் நடக்கிறது, வீட்டிலிருந்து போவது விசைப்பலகைத் தட்டல்களும் சிறு நிரல்களும்தான். நான்கு பேர் ஒரே நேரத்தில் காணொளி வகுப்பில் அமர்ந்தாலும், உயர் தெளிவு அழைப்பு ஒன்றுக்கு 3 முதல் 4 மெகாபிட் பதிவேற்றம் என்று கணக்கிட்டால் 16 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே 10 மெகாபிட் பதிவேற்றமுள்ள அடிப்படைப் பிளான் நால்வர் வீட்டுக்குப் போதாது. 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் கேபிளே போதுமானது. கூட்டாளிகளில் ஒருவர் தம் புகைப்படங்களை எல்லாம் மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும் நாளில் மற்றவர்களின் அழைப்பு திணறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

ஃபைபர் இணைப்பைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. ஏடி அண்ட் டி, வெரைசன், கூகுள் ஆகிய நிறுவனங்களின் ஃபைபர் பிளான்களில் பதிவேற்றமும் பதிவிறக்கமும் சமமாகவோ கிட்டத்தட்டச் சமமாகவோ இருக்கின்றன. அது முகவரிக்கு வந்துசேர்ந்து, மாதக் கட்டணமும் கேபிளுக்கு அருகில் இருந்தால், அதை எடுப்பதே சரி. தடை வேறோர் இடத்தில் இருக்கிறது: கட்டடத்துக்குள் ஒளியிழை ஏற்கெனவே இழுக்கப்படாவிட்டால் சுவரில் துளையிட வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும், ஓராண்டு மட்டும் தங்கப் போகும் மாணவருக்காக எந்த வீட்டுக்காரரும் அவ்வளவு எளிதில் இசைவதில்லை. நீண்டகாலம் தங்கும் பணியாளர் அந்த அனுமதியை வாடகை ஒப்பந்தப் பேச்சின்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

5ஜி வீட்டு இணையத்தின் பலம் அதன் எளிமை: பெட்டியை மின்சாரத்தில் செருகி, சன்னலோரம் வைத்தால் வேலை முடிந்தது, டெக்னீஷியனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆண்டு ஒப்பந்தமும் பொதுவாக இல்லை. ஒரு பருவத்துக்கு மட்டும் வரும் வருகைப் பேராசிரியருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் கோபுரம் நெரிசலாக இருக்கும் மாலை வேளைகளில் கைபேசி வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை போய், வீட்டு இணைப்பு பின்தள்ளப்படலாம்; தரவு போய்த் திரும்ப எடுக்கும் தாமத நேரமும் நிலையாக இருப்பதில்லை. டி-மொபைல் நிறுவனத்தின் 5ஜி சேவையில் பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபிவி4 முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) பகிர்ந்துகொள்வதால், வளாகத்திலிருந்து வீட்டுக் கணினிக்குள் நேரடியாக நுழைய நினைப்பவருக்கு அது வழிவிடாது. இரண்டாண்டு தங்கும் நால்வர் வீட்டுக்கு இதை முதன்மை இணைப்பாகப் பரிந்துரைக்க முடியாது.

தொலைபேசிக் கம்பி வழி வரும் டிஎஸ்எல் பற்றி ஒரு வரி போதும்: ஏடி அண்ட் டி 2020 அக்டோபரிலேயே அதற்குப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது, வேறு எதுவும் கிடைக்காத முகவரிக்கு மட்டுமே அது உரியது.

கேபிள் என்று முடிவான பிறகும் இன்னோர் ஒப்பீடு மிச்சமிருக்கிறது; பணத்தைப் பொறுத்தவரை அதுவே பெரியது. நிறுவனம் தரும் மோடத்தை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா? மாதம் 15 டாலர் வாடகை என்றால் இரண்டாண்டுப் படிப்புக்கு 360 டாலர் ஆகிறது. டாக்சிஸ் 3.1 மோடம் ஒன்றை 150 முதல் 200 டாலருக்குள் வாங்கிவிடலாம். வைஃபை ரவுட்டரைத் தனியே சேர்த்தாலும் இரண்டாம் ஆண்டில் போட்ட பணம் மீண்டுவிடும். ஆனால் இந்தக் கணக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தாது. ஸ்பெக்ட்ரம் என்ற கேபிள் நிறுவனம் மோடத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால் அங்கே சொந்த மோடம் வாங்குவது வீண் செலவு. வைஃபைக்குக் கூடுதல் கட்டணம் உள்ள பிளான் என்றால், அதைத் தவிர்க்க ரவுட்டர் மட்டும் வாங்கினால் போதும். எக்ஸ்ஃபினிட்டி என்ற மற்றொரு கேபிள் சேவை உள்ள பகுதிகளில், உயர்த்தப்பட்ட பதிவேற்ற வேகம் நிறுவனம் ஏற்றுக்கொண்ட மோடங்களில் மட்டுமே கிடைக்கும். பட்டியலைப் பார்க்காமல் மலிவானதை வாங்கினால் பழைய வேகத்திலேயே நிற்க வேண்டியிருக்கும்.

பழைய மோடம் வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, முன்பு வைத்திருந்தவரின் கணக்கிலிருந்து அதன் மேக் முகவரி (ஒவ்வொரு மோடத்துக்கும் உரிய அடையாள எண்) நீக்கப்படாமலோ, அது நிறுவனத்துக்குத் திருப்பித் தரப்படாத வாடகைப் பெட்டியாகவோ இருந்தால், புதியவர் பெயரில் அது இயங்காது. இரண்டாவது, இன்டெலின் பியூமா 6 சில்லு பொருத்தப்பட்ட மோடங்களில் தாமத நேரம் திடீர் திடீரென எகிறும் குறை 2016இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆரிஸ் எஸ்பி6190 அவற்றுள் அதிகம் பேசப்பட்டது. இன்றும் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. காணொளி வகுப்பும் தொலைவழிக் கணினி வேலையும் உள்ள வீட்டில் அந்த மலிவு கட்டுப்படியாகாது.

பொருத்தும் வேலை கடினமானதில்லை. சுவரிலுள்ள கோஆக்சியல் முனையில் உயிரோட்டம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அடுக்ககங்களில் ஒவ்வோர் அறையிலும் முனை இருந்தாலும், அலமாரிக்குள் இருக்கும் இணைப்புப் பெட்டியில் ஒன்றுதான் உண்மையில் இணைக்கப்பட்டிருக்கும். முந்தைய குடித்தனக்காரர்கள் விட்டுச் சென்ற, ஒரு கம்பியைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்களைக் கழற்றிவிடுவது நல்லது. இரு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.5 டெசிபல் சமிக்ஞையைத் தின்கிறது. மோடத்தை நேரடியாகச் சுவரோடு இணைத்து, நிறுவனத்தின் செயலியில் மேக் முகவரியைப் பதிந்து, கால் மணி நேரம் அதைத் தன் போக்கில் விட வேண்டும். அடிக்கடி துண்டித்தால், உலாவியில் 192.168.100.1 என்று தட்டி, பல மோடங்கள் அங்கே காட்டும் சமிக்ஞை அளவுகளைப் பார்க்கலாம். பதிவிறக்கச் சமிக்ஞையின் அளவு −7 முதல் +7 dBmV வரையிலான எல்லையை விட்டு வெகுவாக விலகியிருந்தால் குறை பெரும்பாலும் கம்பியில்தான், மோடத்தில் இல்லை. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு பேசும் வாடிக்கையாளருக்கு டெக்னீஷியன் விரைவில் வருகிறார் என்பதும் உண்மை. ஆனால் ஆகஸ்டு கடைசியில் ஊரே வீடு மாறும்போது அவருக்கான முன்பதிவு தள்ளித்தான் போகும். குடிபுகும் நாளுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத புது மாணவரிடம் டெபாசிட் கேட்கப்படலாம். பாஸ்போர்ட்டுடன் நிறுவனத்தின் கடைக்கு நேரில் செல்வது தொலைபேசியில் மன்றாடுவதைவிடச் சுலபம்.

கட்டணத்தை ஒப்பிடும்போது விளம்பரத்தை விட்டுவிட்டு, 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் கட்டாயமாக வெளியிட வேண்டிய பிராட்பேண்ட் விவரச் சீட்டைப் படிக்க வேண்டும். சலுகை விலை எத்தனை மாதத்துக்கு, அதன் பிறகு எவ்வளவு, வழக்கமான பதிவேற்ற வேகம் என்ன, டேட்டா வரம்பு உண்டா, முன்கூட்டி விலகினால் என்ன அபராதம் என்பவை எல்லாம் அதில் இருக்கும். எக்ஸ்ஃபினிட்டியின் பழைய பிளான்களில் பல மாநிலங்களில் மாதம் 1.2 டெராபைட் வரம்பு இருந்தது. நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிகாபைட். 4கே காணொளி மணிக்கு 7 கிகாபைட் வரை இழுப்பதால், கிரிக்கெட் பருவத்தில் அது நெருக்கடியாகத்தான் இருக்கும். வாடகையிலேயே இணையம் அடக்கம் என்று சொல்லும் அடுக்ககங்களிலும் அதே பதிவேற்ற எண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விலகும் நிபந்தனையில்தான் மாணவர் வீடுகள் அதிகம் இழக்கின்றன. இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கும். அவர் மே மாதம் பட்டம் பெற்று வேறு ஊருக்குப் போய்விடுவார். மற்றவர்கள் அவர் பெயரிலேயே தொடர்வார்கள். சலுகை முடிந்து கூடிய கட்டணமும், திரும்பாத பெட்டிக்கான தண்டமும் அவர் தலையில் விழும். ஒப்பந்தமில்லாத மாதப் பிளானே இங்கு ஏற்றது, அது ஐந்து டாலர் கூடுதலாக இருந்தாலும். வாடகைப் பெட்டியைக் கடையில் நேரில் ஒப்படைத்து ரசீதைப் பல மாதங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சொந்த மோடம் வைத்திருப்பவர் அதை அடுத்த ஆண்டு மாணவருக்கு விற்றுவிடலாம். விற்பதற்கு முன் அதன் மேக் முகவரியைத் தம் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, நீக்கியதை வாங்குபவர் முன்னிலையிலேயே உறுதிசெய்து கொடுக்க வேண்டும்.