கலிஃபோர்னியாவில் சொந்த வீடு: உயில் போதுமா, லிவிங் டிரஸ்ட் வேண்டுமா?

உயில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்போடுதான் நம்மில் பலர் அமெரிக்காவுக்கு வந்தோம். கலிஃபோர்னியாவில் உயில் இருந்தாலும் புரோபேட் உண்டு, அதாவது கோர்ட் மேற்பார்வையில் சொத்தைப் பிரிக்கும் நடைமுறை. வீடு உங்கள் தனிப் பெயரில் இருந்தால், உயிலை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இழுப்பது சாதாரணம்.

செலவைப் பாருங்கள். வக்கீல் கட்டணத்தைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2, அதற்கு மேல் 1 கோடி வரை 1. வீட்டின் மதிப்பு 14 லட்சம் டாலர் என்றால் வக்கீலுக்கு 27,000 டாலர். உயிலை நிறைவேற்றுபவரும் அதே அளவு கேட்கலாம். இதில் வயிற்றெரிச்சலான விஷயம், வீட்டுக்கடனைக் கழிக்காமல் மொத்த மதிப்பின் மேல் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். பேங்க்குக்கு 9 லட்சம் பாக்கி இருந்தாலும் அதே 27,000தான்.

சொத்தை ஒரு டிரஸ்டின் பெயரில் வைக்கும் ஏற்பாடான, எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ ரத்து செய்யவோ கூடிய லிவிங் டிரஸ்டை இதற்காகத்தான் எழுதுகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை நீங்களே டிரஸ்டி (நிர்வகிப்பவர்), நீங்களே பயனாளி. வருமான வரியையும் வழக்கம்போல உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலேயே கட்டுவீர்கள். நீங்கள் போன பிறகு, நீங்கள் குறிப்பிட்ட அடுத்த டிரஸ்டி கோர்ட்டைப் பார்க்காமலே சொத்தைப் பிரித்துக் கொடுப்பார். எழுத சில ஆயிரம் டாலர் ஆகும். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

ஆனால் டிரஸ்டை எழுதினால் மட்டும் போதாது, வீட்டையும் அதன் பெயருக்கு மாற்ற வேண்டும். எங்களோடு பல வருடம் பழகிய ஓர் அக்கா, கணவரை இழந்தவர், எல்லாவற்றையும் முறையாகச் செய்துவைத்திருந்தார். தடித்த பைண்டர், உள்ளே கலர் கலராகப் பிரிப்பு அட்டைகள், கடைசியில் சொத்துப் பட்டியலில் முதல் வரியாக வீட்டு விலாசம். 2021-ல் வட்டி குறைந்தபோது ரீஃபைனான்ஸ் செய்தார். கடன் கொடுத்தவர்கள் வீட்டை டிரஸ்டிலிருந்து எடுத்து அவர் பெயருக்கு மாற்றச் சொன்னார்கள்; மாற்றினார். ரீஃபைனான்ஸ் முடிந்ததும் வீட்டைத் திரும்ப டிரஸ்டில் போட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு, பத்திரங்களைப் பதியும் கவுன்ட்டி ரெக்கார்டர் ஆபீஸில் எடுத்த டீட் (வீட்டுப் பத்திரம்) நகலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மகள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. டீடில் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருந்தது, டிரஸ்ட் என்ற சொல்லே இல்லை. பைண்டரில் இருந்த அந்த ஒரு வரிதான் காப்பாற்றியது: பட்டியலில் எழுதி டிரஸ்டியாகக் கையெழுத்திட்டிருந்தால் அந்த வீடு டிரஸ்டுக்குச் சேர்ந்ததே என்று வாதாட 1993-ல் வந்த ஹெக்ஸ்டாட் தீர்ப்பு இடம் தருகிறது. அதற்கும் மனு, வக்கீல், சில மாதக் காத்திருப்பு.

டிரஸ்டுக்கு மாற்றினால் பேங்க் கடனை மொத்தமாகத் திருப்பிக் கேட்குமோ என்று பயப்பட வேண்டாம். நீங்களே குடியிருக்கும் வீடு, நீங்களே பயனாளி என்றால் 1982-ஆம் ஆண்டு மத்திய சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

டிரஸ்டுக்குப் போட்டியாக நிற்பது, இறந்தபின் வீடு இன்னாருக்கு என்று முன்கூட்டியே பதிந்துவைக்கும் டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீட். கலிஃபோர்னியாவில் 2016 முதல் இருக்கிறது. மலிவு, ரத்தும் செய்யலாம். இரண்டு சாட்சி, நோட்டரி, பிறகு 60 நாளுக்குள் பதிவு. ஒரே வீடு, வயது வந்த ஒரே பிள்ளை என்றால் நான் இதையே யோசிக்கச் சொல்வேன். 2025 ஏப்ரல் 1 முதல் நேர்ந்த மரணங்களில், 7,50,000 டாலருக்கு மேல் போகாத குடியிருந்த வீட்டுக்கு முழு புரோபேட் இல்லாமல் சுருக்கமான மனுவே போதும் என்ற வசதியும் வந்திருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் அந்த விலைக்கு வீடு எங்கே இருக்கிறது?

இந்த டீடால் முடியாத ஒன்று உண்டு. பக்கவாதமோ மறதிநோயோ வந்து கையெழுத்துப் போட முடியாமல் போனால், டீடும் உயிலும் இறப்புக்காகக் காத்திருக்கும் காகிதங்கள்தான். டிரஸ்ட் இருந்தால் அடுத்த டிரஸ்டி பொறுப்பேற்று அதிலுள்ள வீட்டை வாடகைக்கு விடலாம், விற்று வைத்தியம் பார்க்கலாம். என்னைக் கேட்டால் டிரஸ்ட் எழுத முதல் காரணம் இதுதான், புரோபேட் இரண்டாவது.

“எதற்கு இத்தனை, இப்போதே பையன் பெயருக்கு எழுதிவிடலாமே” என்று பெரியவர்கள் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். 4 லட்சத்துக்கு வாங்கி இப்போது 14 லட்சம் போகும் வீட்டை முழுதாகக் கொடுத்துவிட்டால், உங்கள் 4 லட்சமே மகனுக்கும் அடக்கவிலை. அவர் விற்றால் 10 லட்சம் லாபக் கணக்கு. டிரஸ்ட் வழியாகப் போனால் இறந்த நாள் மதிப்பே அடக்கவிலையாகிவிடும். தவிர, மகனுக்கு விவாகரத்தோ கடனோ வந்தால் உங்கள் கூரையும் அதில் மாட்டும்.

டிரஸ்ட் செய்யாததையும் சொல்ல வேண்டும். உங்கள் கடன்காரர்களைத் தடுக்காது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் போடும் எஸ்டேட் வரியைக் குறைக்காது. சிறு பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதை உயிலில்தான் வழக்கமாக எழுதுவார்கள். ஆகவே டிரஸ்டோடு ஒரு சின்ன உயிலும் வேண்டும். 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை டிரஸ்ட் பெயருக்கு மாற்றாதீர்கள், அதற்கு நாமினி படிவம் இருக்கிறது.

டெக்சாஸில் இருப்பவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். அங்கே ஒழுங்காக எழுதிய உயில் இருந்தால், கோர்ட் ஒருமுறை அங்கீகரித்த பிறகு நிறைவேற்றுபவர் பெரும்பாலும் தானாகவே வேலையை முடிக்கலாம்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல், இங்கே வீட்டை வைத்துக்கொண்டு நிரந்தரமாகச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிட்டவர்கள்தான் உண்மையில் பதற வேண்டியவர்கள். 2026-ல் குடிமக்களுக்கு எஸ்டேட் வரி விலக்கு 1.5 கோடி டாலர். இவர்களுக்கோ 60,000 டாலர்தான். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தமும் கிடையாது. வீட்டை லிவிங் டிரஸ்டில் போட்டிருந்தாலும் அந்த வரி அப்படியே நிற்கும்; விமானம் ஏறுவதற்கு முன்பே இதற்கென்று ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள்.