650 வாட் என்று மட்டும் எழுதிய பெட்டி

இம்முறை சிங்கப்பூருக்கு வந்தபோது விமான நிலையம், எம்ஆர்டி, வங்கி வேலை எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது, அக்கா மகனுக்காக அசெம்பிள் செய்யச் சொன்ன கணினிக்கு ஒரு பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தைப் பாகங்களுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி, வாங்கிய கதைதான்.

டொரான்டோவில் நான் போகும் கடையில் பாகங்களெல்லாம் அடுக்கில் இருக்கும். பெட்டியை எடுத்துப் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அட்டவணையை ஆற அமரப் படிக்கலாம், சரிப்படாவிட்டால் குறித்த நாளுக்குள் திருப்பியும் கொடுக்கலாம். இங்கே வீட்டுக்கு அருகில் இருந்த கடையில் (பெயர் வேண்டாம்) கையில் கிடைத்தது ஒரு விலைத்தாள் மட்டுமே. அதில் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் கார்டு, மெமரியின் வேகம், விசிறி விளக்கின் நிறம் வரை எழுதியிருந்தவர்கள், கடைசி வரியில் '650 வாட் பவர் சப்ளை' என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். என்ன பிராண்டு என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒன்னுதாண்ணே, இத யாரும் கேக்கமாட்டாங்க" என்றார் அங்கிருந்த தம்பி. பெட்டியைப் பார்க்காமல் பணம் கட்டமாட்டேன் என்று நின்ற பிறகுதான், முகத்தைச் சுளித்துக்கொண்டே உள்ளேயிருந்து எடுத்து வந்தார்.

பெட்டியின் முகப்பில் 650 வாட் என்று பெரிதாகத்தான் இருந்தது. பக்கவாட்டு அட்டவணையிலோ 12 வோல்ட் வரிக்கு நேரே 42 ஆம்பியர் என்றிருந்தது. 12ஐ 42ஆல் பெருக்கினால் 504 வாட், மீதியை 3.3, 5 வோல்ட் வரிகளைச் சேர்த்து நிரப்பியிருக்கிறார்கள். இன்றைய கணினியில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்பது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டையே என்பதால், அந்த மீதி இருந்தும் இல்லாததுதான். அந்தப் பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது 162 வாட் வரை இழுக்கும், கார்டுக்கு 250 வாட். மதர்போர்டு, தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு இன்னும் ஓர் எழுபது வைத்தால் 480ஐத் தாண்டி, அந்த 504ஐ நெருங்கிவிடுகிறது. கார்டு சில மில்லிவினாடிகளுக்குத் தன் அளவையும் மீறித் திடீரென்று இழுப்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஆர்டிஎக்ஸ் 5070க்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் என்பது உண்மைதான். ஆனால் இப்படிப்பட்ட 650ஐ மனத்தில் வைத்து அவர்கள் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: இந்த அளவெல்லாம் 25 டிகிரி வெப்பத்தில். சூடு ஏறினால் அது தரக்கூடிய வாட் குறையும். தோ பாயோவில் ஏர்கான் இல்லாத அறையில், மூடிய கேஸுக்குள், 25 டிகிரியை எங்கே போய்த் தேடுவது?

இதையெல்லாம் சொன்னதும் அந்தத் தம்பி, "அப்ப ஆயிரம் வாட் போட்டுக்கலாம்ணே" என்று விலையை நூறு வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் ஏற்றிவிட்டார். கூட வந்த அக்காவுக்கு உடனே மின்கட்டணக் கவலை பிடித்துக்கொண்டது. ஆயிரம் வாட் பவர் சப்ளை எந்நேரமும் ஆயிரம் வாட் இழுப்பதில்லை. கணினி கேட்பதையும், மாற்றத்தில் வெப்பமாக வீணாகும் சிறு பங்கையும்தான் சுவரிலிருந்து எடுக்கும் என்று அக்காவுக்கு விளக்கினேன். ஆனாலும் 480 வாட் தேவைக்கு ஆயிரம் வாங்குவது, இரண்டு பேர் சாப்பாட்டுக்கு அண்டாவில் சோறு வடிப்பதுதான். வெளியே வந்துவிட்டோம்.

பிறகு போனது, கணினிக் கடைகளுக்குப் பேர்போன சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்துக்கு. 2014இல் கைபேசி வாங்க வந்த வியட்நாமியப் பயணி ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடையில் மண்டியிட்டு அழுத காணொளிக்குப் பிறகு, அந்தக் கட்டடத்தின் பெயரைச் சொன்னாலே எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். எனக்கு நினைவு வருவதோ மாடி மாடியாக ஏறி விலைப்பட்டியல் தாள்களைச் சேர்த்து, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தே தாரிக்கோடு (ஆற்றிய தேநீரோடு) உட்கார்ந்து பேனாவால் வட்டம் போட்ட காலம். இப்போது பாதிக் கடைகள் வேறு வியாபாரத்துக்கு மாறிவிட்டன; பேரம் பேசும் சுகமும் போய்விட்டது.

மேல் மாடியில் ஒரு சீன அங்கிள், நான் வாயைத் திறக்குமுன்பே என்ன கார்டு என்று கேட்டார். அடுத்த கேள்வி, அறையில் ஏர்கான் உண்டா என்பது. டொரான்டோவில் எந்த விற்பனையாளரும் என்னிடம் அறையின் வெப்பத்தைக் கேட்டதில்லை. நான் கேட்காமலேயே அங்கிள் பெட்டியைத் திருப்பி அட்டவணையில் விரலை வைத்தார்: 750 வாட், 12 வோல்ட் வரியில் 62.5 ஆம்பியர், அதாவது முழு 750 வாட்டும் அதிலேயே. அளவு 50 டிகிரியில். பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 3.1 தர வரையறைப்படி செய்தது என்பதால் கார்டுக்குரிய 16 முள் கேபிள் நேராகவே வருகிறது. இரண்டு கேபிள்களை ஒட்டுப்போடும் அடாப்டர் தேவையில்லை. மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்கான 80 பிளஸ் சான்றில் கோல்டு தரம்: 115 வோல்ட்டில், பாதிச் சுமையில், 90 விழுக்காட்டுத் திறன். இங்கே 230 வோல்ட்டில் அது சற்றுக் கூடுமே தவிரக் குறையாது. கனடாவின் 120 வோல்ட்டோடு பல ஆண்டு வாழ்ந்தவனுக்கு அது ஓர் அற்ப மகிழ்ச்சி.

எரிச்சல் இல்லாமலும் இல்லை. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற அறிவிப்பு கல்லாவுக்கு மேலேயே தொங்கியது. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்க வழியில்லை; பழுதென்றால் மட்டும், 2012இல் நடப்புக்கு வந்த, பழுதான பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் 'லெமன் சட்டம்' ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறையை, வாங்கியபோதே இருந்ததாக எடுத்துக்கொள்கிறது. உத்தரவாதத்துக்கு ரசீது போதும் என்றார் அங்கிள். பொருள் சேவை வரி 9 விழுக்காடும் விலையிலேயே அடக்கம்.

கிளம்பும்போது அக்கா மகன், பழைய கணினியின் கேபிள்கள் வீட்டில் இருக்கின்றன, அவற்றையும் பயன்படுத்தலாமா என்று கேட்டான். அங்கிள் பதறிவிட்டார். பவர் சப்ளை பக்கம் செருகும் முனை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. மாற்றிச் செருகினால் எஸ்எஸ்டி கருகிவிடும் என்று இரண்டு முறை சொல்லி, புதியதோடு வந்த மிச்சக் கேபிள்களைத் தனிப் பையில் போட்டு, அதன் மேல் மாடல் பெயரையும் எழுதிக் கொடுத்தார். பழையவற்றை அன்று மாலையே அக்கா மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டார்.