ஒழுகும் புல்லட், சீஸ் ஆகும் ஆர்எக்ஸ், ஆள் தேடும் யெஸ்டி: குமரி மாவட்டத்துக்கு எது சரிவரும்?

பழைய பைக் ஒன்று வாங்கப்போகிறேன் என்று குமரி மாவட்டத்தில் யாராவது வாய் திறந்தால், பேச்சு பெரும்பாலும் மூன்று வண்டிகளில் வந்து நிற்கும். அலுமினிய யூனிட் இன்ஜின் வருவதற்கு முன்னால் திருவொற்றியூரில் செய்த இரும்பு இன்ஜின் புல்லட் 350. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100. மைசூரில் செய்த யெஸ்டி 250. ஹீரோ ஹோண்டா சிடி 100ஐ ஏன் விட்டாய் என்று கேட்பவர்கள் உண்டு. அது தொல்லை தராத வண்டி. நான் பேசப்போவது தொல்லையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களிடம்.

ஊரில் பொதுவாகச் சொல்லும் தீர்ப்பு: ஆர்எக்ஸ் எளிது, புல்லட் செலவு, யெஸ்டி பைத்தியக்காரத்தனம். மூன்றாவதை ஓரளவு ஒத்துக்கொள்வேன். முதல் இரண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழே எண்ணெய்ப் பொட்டு வைக்கிற புல்லட்டோடு காலம் தள்ளுவதுதான் இன்றைக்கு எளிது. சின்ன வண்டி, சின்ன வேலை என்று பெயரெடுத்த ஆர்எக்ஸ்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சொல்லிவிட்டுப் போவதும் சொல்லாமல் போவதும்

பழைய வண்டி பழுதாகும், அதில் பேச்சே இல்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பழுதாகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

புல்லட் எல்லாவற்றையும் சொல்லும். வால்வைத் தள்ளும் டப்பெட் தளர்ந்தால் டக் டக் என்று தனியாகக் கேட்கும். தீப்பொறிக்காக மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட் தேய்ந்தால் ஐடிலில் மூச்சு வாங்கும். தீப்பொறி வரும் டைமிங் அதிகமாக முன்னே போயிருந்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலில் சொல்லும். பாயிண்டோடு சேர்ந்த கண்டென்சர் என்ற சின்ன மின்சாமான் போகிற காலத்தில் வண்டி காலையில் ஒழுங்காக ஓடும், சூடேறியதும் தக்கலையிலோ வில்லுக்குறியிலோ நின்றுவிடும், ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி கிளம்பும். இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் மெக்கானிக் தேவையில்லை. விலை குறைந்த சாமான், ஸ்குரூ டிரைவர் இருந்தால் ரோட்டோரத்திலேயே மாற்றிவிடலாம். டப்பெட் பார்ப்பதும் அப்படித்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷனில் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வால்வுக்குப் போகும் கம்பியான புஷ்ராடை விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் கூட வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதற்கும் முறை இருக்கிறது. சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்கி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, லீவரை விட்டுவிட்டு உதைக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். இது தெரியாமல் சும்மா போட்டு உதைத்துவிட்டு, "சவம் ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு" என்று வண்டியைத் திட்டுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

புல்லட்டில் சொல்லாமல் போகிற ஒன்றும் உண்டு: எண்ணெய் ஓட்டம். பம்ப் வேலை செய்யாமல் ஓட்டினால் பிஸ்டன் ராடின் அடி பேரிங்கான பிக் எண்ட் போய்விடும், செலவு பெரியது. அவ்வப்போது ஹெட்டுக்குப் போகும் ராக்கர் ஆயில் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இன்ஜின் ஓடும்போது எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துவிட்டால் அந்தப் பயமும் பாதி தீர்ந்தது.

ஆர்எக்ஸும் யெஸ்டியும் டூ ஸ்ட்ரோக், அந்தக் கதை வேறு. அங்கே எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்துதான் பிஸ்டனுக்கு உயிர். ஆர்எக்ஸில் ஆட்டோலூப் என்ற பம்ப் தனி டேங்கில் இருந்து எண்ணெயை இழுத்து, ஓட்டத்துக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் ஏற்ற அளவில் கொடுக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் இன்று விற்பனைக்கு வரும் பல ஆர்எக்ஸ்களில் அந்தப் பம்பைக் கழற்றி அடைத்துவிட்டு, எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஓட்டுகிறார்கள். "பம்ப் ரிஸ்க் தம்பி, கலந்து ஊத்தினா கவலையே இல்ல" என்று சொல்வார்கள். நம்ம ஊரில் கவலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

காரணம் இரண்டு. ஒன்று, இறக்கம். கோதையாற்றில் இருந்து பேச்சிப்பாறைக்கு இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு இன்ஜின் பிடியில்தான் வருவோம். கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு, ஆக்ஸிலேட்டர் மூடினால் பெட்ரோல் குறையும், அதோடு எண்ணெயும் குறையும், இன்ஜினோ வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சிலிண்டர் காய்ந்து பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ள, அதாவது சீஸ் ஆக, இது நல்ல வழி. இறக்கத்தில் நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு தரம் ரேஸ் கொடுப்பது பழைய ஆட்களின் பழக்கம். பழக்கம் என்று சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். இப்போது பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் முடிந்த கையோடு ஐப்பசி மழையும் வந்துவிடும் மாவட்டம் இது. பாதி டேங்கோடு சில வாரம் ஷெட்டில் நிறுத்திய வண்டியில், தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். கார்பரேட்டருக்கு முதலில் போவது அடியில் இருப்பதுதான். எண்ணெயே இல்லாத அந்தக் கலவையில் இன்ஜின் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புல்லட்டுக்கும் இதே பெட்ரோல்தான், ஆனால் அங்கே அது இருமி, நின்று, டேங்கைக் கழுவ வைப்பதோடு விட்டுவிடும். சிலிண்டரைக் கேட்காது.

ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் அறிகுறி உண்டு. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நின்றால் மின்சாரம் தரும் மேக்னெட் பக்க ஆயில் சீல் காற்று இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்று கூடினால் கலவை நீர்த்துப்போகும், சூடேறும். கார்பரேட்டர் ஸ்குரூவைத் திருகித் திருகி அதைச் சரிசெய்ய முடியாது. யெஸ்டியில் கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும், வெள்ளைப் புகை தெருவையே மூடும். அது ஒரு வகையில் நல்லது, எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உப்பு

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் வீடு என்றால் இன்ஜினை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள். கடல்காற்று முதலில் ஸ்போக்கைத் தின்னும், அப்புறம் ரிம், சைலன்சர், கடைசியில் எர்த் வயர் பிடித்திருக்கும் இடம். கரையோரத்தில் விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்றால் பாதி நேரம் எர்த்தைச் சுரண்டி, மறுபடி இறுக்கினாலே சரியாகும்.

இந்த ஓர் இடத்தில் யெஸ்டி புல்லட்டைத் தூக்கிச் சாப்பிடுகிறது. செயின் முழுக்க மூடிய பெட்டிக்குள் ஓடுகிறது. மழைச் சேறும் மணலும் உப்பும் அதைத் தொடுவதில்லை. புல்லட்டில் மேலே ஒரு கார்டு மட்டும் இருக்கிற வண்டிகளே அதிகம், கடற்கரை ரோட்டில் ஒரு மழைக்காலம் ஓட்டினால் செயின் சிவந்துவிடும். புல்லட்டின் இரும்பு பாரலும் (சிலிண்டரும்) வெளியே துருப் பிடிக்கும், ஆனால் அது பார்வைக்குத்தான் கோளாறு. வேலைக்கு ஒன்றும் ஆகாது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவி, அடிச் சட்டத்தில் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவிவிடுவது மலிவான வைத்தியம். பிரேக் டிரம்முக்குள் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று என்றதும் இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியே போகிறவர்களுக்கு அங்கே ஏன் அத்தனை காற்றாலை என்று யாரும் விளக்க வேண்டாம். நூறு கிலோவை ஒட்டிய ஆர்எக்ஸ் அந்தக் கணவாயில் பக்கவாட்டில் நடக்கும். 160 கிலோவுக்கு மேல் இருக்கும் புல்லட் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான்.

சாமானும் ஆளும்

புல்லட் சாமான் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கிடைக்கும், கிடைக்காததை லேத்தில் கடைந்து தருவார்கள். எல்லா பாகமும் தடியாக, தாராளமாக இருப்பதால் லேத்காரருக்கும் அது பிடித்த வண்டி.

ஆர்எக்ஸ் சாமான் இன்னும் எளிதாகக் கிடைக்கும். அதுதான் சிக்கல். பாதிக்கு மேல் டூப்ளிகேட், அட்டைப்பெட்டி மட்டும் அசலைப் போல இருக்கும். நல்ல பிஸ்டனுக்கும் மட்டமான பிஸ்டனுக்கும் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சூட்டில் விரிந்து பாரலைக் கவ்வும்போது தெரியும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோரும் எண்ணிக்கைக் கணக்குதான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் 25, 50, 75, 100 என்று சைஸ் ஏறி முடிந்தால் பாரலுக்குள் புது உறை (ஸ்லீவ்) போட வேண்டும். எனவே வாங்கும்போது "ரீபோர் பண்ணியாச்சு, புது இன்ஜின் மாதிரி" என்று சொன்னால் மகிழ்ந்துவிடாமல் எத்தனையாவது சைஸ் என்று கேளுங்கள். "ஜப்பான் இன்ஜின்" என்று விலை ஏற்றுவதும் உண்டு. ஆரம்பத்தில் வந்த சில வண்டிகள் ஜப்பான் பாகங்களைக் கொண்டு பூட்டியவை, உண்மைதான். அந்தச் சிலவற்றில் ஒன்றுதான் உங்களுக்குக் காட்டும் வண்டி என்று நம்ப எந்த அவசியமும் இல்லை.

யெஸ்டிக்குச் சாமானை விட ஆள்தான் அரிது. மைசூர் தொழிற்சாலை 1996இல் மூடிவிட்டது. 2022இல் அதே பெயரில் வந்திருக்கும் புது யெஸ்டியின் சாமான் எதுவும் இதற்குப் பொருந்தாது. கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே, கியர் போட்டாலே கிளட்ச் தானாக விடும் என்ற அமைப்புகள் அழகானவை, ஆனால் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை இன்று பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய அண்ணன்களுடையது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்து, அவருக்கு உங்களைப் பிடித்தும் இருந்தால் யெஸ்டி வாங்கலாம். இல்லையென்றால் பாகங்களைக் கழற்றும் புல்லர், பாயிண்ட் கேஜ் எல்லாம் வாங்கி நீங்களே உட்கார வேண்டும்.

தாளும் விலையும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு முறை. மூன்று வண்டிக்கும் இதே சட்டம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மலிவு என்று கேரளப் பதிவு வண்டி எடுப்பவர்கள், என்ஓசியும் (தடையில்லாச் சான்று) இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்த்து விலையைக் கணக்குப் போடுங்கள். ஆர்எக்ஸில் மட்டும் சேசிஸ் நம்பரைக் கூர்ந்து பாருங்கள். தேவை அதிகம் உள்ள வண்டி என்பதால் நம்பர் மாற்றி அடித்தவை சந்தையில் உலவுகின்றன. கரையோர வண்டியில் நம்பர் துருவிலேயே அழிந்திருக்கும், அதற்குப் பென்சில் பிரின்ட் எடுக்க முடியாமல் ஆர்டிஓ அலுவலகத்தில் நிற்பது தனி வேதனை. சுத்தமான தாளோடு இருக்கும் ஆர்எக்ஸுக்கு லட்சத்தைத் தாண்டி விலை கேட்கிறார்கள். 98 சிசி வண்டிக்கு அந்தக் காசைக் கொடுத்துவிட்டு அதை எந்தக் கடை முன்னாலும் நிம்மதியாக நிறுத்திவிட்டுப் போக முடியாது. தூக்கத்தைக் கெடுக்கும் என்று சொன்னதில் இதுவும் சேர்த்தி.

அப்படியானால் யாருக்கு எது? குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்கு ஏறி இறங்குபவர்களுக்கு யோசிக்காமல் புல்லட். குறைந்த ஓட்டத்திலேயே இழுக்கும், இறக்கத்தில் இன்ஜின் பிடி பயமில்லாமல் கிடைக்கும். வலதுகால் கியர் பழக ஒரு வாரம் ஆகும், அதுவரை திங்கள்நகர் சந்தை நெரிசலுக்குள் போகாதீர்கள். நாகர்கோவிலுக்குள்ளேயே கோட்டாறு, வடசேரி என்று சுற்றுபவர்கள் ஆர்எக்ஸ் வைத்துக்கொள்ளலாம், ஆட்டோலூப் பம்ப் இருக்கிற வண்டியாகப் பார்த்து. கரையோரத்தில் யெஸ்டியின் செயின் பெட்டிக்கு நான் கொடுத்த மதிப்பெண் அப்படியே இருக்கட்டும், ஆனாலும் மெக்கானிக் கையெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அங்கேயும் புல்லட்தான்.

எதைப் பார்க்கப் போனாலும் முன்கூட்டிச் சொல்லாமல் காலையில் போங்கள். போனதும் முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் எத்தனை உதைக்குப் பிடிக்கிறது என்பதை விற்பவர் உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. டீ குடித்துவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடலாம்.