புகைச் சோதனையில் கார் தோற்றதா? கன்வர்ட்டரில் கைவைக்க விடும் முன் இதைப் படியுங்கள்

வேலூர்ப் பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க அலைகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கன்வர்ட்டர், அதாவது சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்துகிற டப்பா, அதை மாற்றுகிறோம் என்று சொல்லி வாங்கிய 24,300 ரூபாய் போனதைவிட, வண்டியில் நன்றாக இருந்த பொருளை என் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது 2009 மாடல் வேகன் ஆர், டிஎன் 23 பதிவு. அப்பா ஓய்வு பெறும் முன் ஆசையாக வாங்கியது. அவர் போன பிறகு விற்க மனசு வரவில்லை. சத்துவாச்சாரியிலிருந்து அம்மாவை சிஎம்சி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் வருவதுதான் அதற்கு முக்கிய வேலை. நாலைந்து கிலோமீட்டர், அவ்வளவுதான். இந்தக் குறைந்த தூரம் ஏன் முக்கியம் என்று பிறகு புரியும்.

2024-ல் ஆர்.சி. முடிந்தது. புதுப்பிக்கும் கட்டணம் 5,000, பசுமை வரி தனி. எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு புகைச் சான்றிதழுக்குப் போனேன். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் வாங்கிய சீட்டெல்லாம், சோதனைக் குழாயைப் பேருக்குச் சைலன்சர் வாயில் காட்டிவிட்டுக் கொடுத்தவை. நானும் கேட்டதில்லை, அது என் தப்பு. இந்த முறை இருந்த பையன் குழாயை ஒரு அடி ஆழத்துக்கு உள்ளே விட்டு, என்ஜினை ஐடிலிங்கில் விட்டு ஒழுங்காக அளந்தான். கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம். ஹைட்ரோகார்பன் 420 பிபிஎம். என் வண்டி வயதுக்கு முதலாவது 0.5-ஐயும் இரண்டாவது 750-ஐயும் தாண்டக் கூடாது. ஒன்றில் தேறி ஒன்றில் தோற்றுவிட்டது.

இந்த இரண்டு எண்ணிலேயே நோய் என்ன என்று எழுதியிருந்தது. அன்றைக்கு எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஹைவே ஓரம் இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெரிய இடம், மூன்று லிஃப்ட், ஏசி போட்ட வரவேற்பறை. முதலாளி ஒரு கருவியை மாட்டி, செல்போன் திரையைக் காட்டினார். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கோட் (பழுதைச் சொல்லும் குறியீடு) வந்திருந்தது. "கன்வர்ட்டர் செத்துப்போச்சு சார். அதை மாத்தாம எந்த சென்டர்ல போனாலும் பாஸ் ஆகாது. சென்சாரையும் சேர்த்து மாத்திடலாம்" என்றார். ஏன் செத்தது என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட், ஆர்.சி.க்கு நாள் நெருங்கிவிட்டது, தலையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சரி என்றேன்.

புதிய கன்வர்ட்டர் 15,000. ஆக்ஸிஜன் சென்சார் 4,500. இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பன் என்று 2,800. கூலி 2,000. மறுநாள் சாயங்காலம் வண்டியோடு புகைச் சான்றிதழும் கையில் கொடுத்தார்கள், "நாங்களே பாஸ் பண்ணிட்டோம் சார்" என்று. பழைய கன்வர்ட்டரைக் கேட்டேன். "அது கம்பெனி எக்ஸ்சேஞ்ச் சார், திருப்பி அனுப்பியாச்சு" என்றார்கள். பில் என்று கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் தாள். நல்ல வேளையாகப் பணத்தை ஜிபேயில் போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து போர்ட்டிகோவில் ரிவர்ஸ் எடுக்கும்போதே கண் எரிந்தது. சைலன்சர் சத்தமும் கரகரவென்று மாறியிருந்தது. ரெண்டு நாளில் அம்மா, "என்னடா இது, வண்டியில ஏறினாலே தொண்டை அடைக்குது" என்றார். அப்போதுதான் சான்றிதழை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். சோதனை நேரம் காலை 11.12 என்று அச்சாகியிருந்தது. அன்று பதினொன்று பத்துக்கு நான் அங்கேதான் இருந்தேன். வண்டி லிஃப்டில் தூக்கி நிற்பதை அண்ணனுக்கு அனுப்ப போட்டோகூட எடுத்திருந்தேன். லிஃப்டில் தொங்கிய வண்டியை எப்படிச் சோதித்தார்கள்? வேறு ஏதோ வண்டியின் புகையை அளந்து என் வண்டிப் பெயரில் சீட்டு போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சீட்டை வைத்தே ஆர்.சி.யை முடித்திருக்கலாம். மனசு ஒப்பவில்லை. கார்பன் மோனாக்சைடு நிறமும் வாசமும் இல்லாத விஷம், அதற்குப் பக்கத்தில் தினமும் உட்காருவது என் அம்மா. காட்பாடியில் இன்னொரு சென்டருக்குப் போய், முழுசாக அளந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். மோனாக்சைடு 2.9. ஹைட்ரோகார்பன் 690. புதுக் கன்வர்ட்டர் போட்ட வண்டி பழையதைவிட மோசமாகப் புகைகிறது!

அங்கிருந்தவரே ஒரு பழைய மெக்கானிக்கிடம் அனுப்பினார். சின்ன ஷெட், தகரக் கூரை, எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பானெட்டைத் திறக்கும் முன் இரண்டு சீட்டையும் வாங்கிப் பார்த்தார். "ஹைட்ரோகார்பன் லிமிட்டுக்குள்ள இருக்கு. அப்போ பிளக், காயில் எல்லாம் நல்லா இருக்கு, மிஸ்ஃபயர் இல்ல. மோனாக்சைடு மட்டும் ஏறுது. பெட்ரோல் அதிகமா போகுது தம்பி. மைலேஜ் எவ்ளோ?" என்றார். பதினாறு கொடுத்த வண்டி பதினொன்று கொடுத்துக்கொண்டிருந்தது. ஏசி போடுவதால் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து டெம்பரேச்சர் முள்ளைக் காட்டினார். அரை மணி நேரம் ஓட்டி வந்த பிறகும் நடுவுக்கு வரவே இல்லை. என்ஜின் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிற ஹவுசிங்கைக் கழற்றினார். "இன்னா தம்பி, உள்ள வால்வே இல்லியே!"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. 2022 மே மாதம். வெயிலூர் என்று நம் ஊரைச் சும்மா சொல்வதில்லை, அந்தக் கத்திரியில் வண்டி சூடாகிறது என்று தெரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது வேணாம்ணா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் பக்கம் பல பழைய வண்டிகளில் இப்படிக் கழற்றியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த வால்வின் வேலையே என்ஜின் தேவையான சூட்டுக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைப்பதுதான். அது இல்லாவிட்டால் சூடு ஏறவே நேரம் ஆகும். என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக விட்டுக்கொண்டே இருக்கும். பழைய வண்டியில் சோக்கைப் போட்டபடியே ஓட்டுவது மாதிரி. சிஎம்சி வரை நாலு கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டி சூடேறவே ஏறாது. 1.9 எங்கிருந்து வந்தது என்பது இவ்வளவுதான். ஹைவே ஓரத்தில் மூன்று லிஃப்ட் வைத்திருப்பவர்கள் அந்த முள்ளைக்கூடப் பார்க்கவில்லையா, அல்லது பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தார்களா? பார்த்தார்கள் என்றே நினைக்கிறேன்.

பிறகு வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னார் பாய். புதிது என்று என்னிடம் விற்ற கன்வர்ட்டர் மேல் வெள்ளிப் பெயின்ட். பக்கவாட்டில் வெட்டித் திரும்ப ஒட்டிய புது வெல்டிங் கோடு. ரப்பர் சுத்தியலால் தட்டினார், காலி டப்பா மாதிரி கேட்டது. என் பழைய டப்பாவையே வெட்டி, உள்ளே தேன்கூடு மாதிரி துளைத்துளையாக இருந்த பகுதியை எடுத்துவிட்டு, மூடி, பெயின்ட் அடித்து, 15,000-க்கு எனக்கே விற்றிருக்கிறார்கள். அந்தத் தேன்கூட்டில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கும். மோனாக்சைடை விஷமில்லாததாக மாற்றுவது அதுதான். பழையதாக இருந்தாலும் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. சென்சாரையும் மாற்றவில்லை. திருகில் பழைய துரு அப்படியே இருந்தது.

அவர்கள் காட்டிய கோட்? பாய் சிரித்தபடி சொன்னார். கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க, அதற்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று என்று இரண்டு வேண்டும். என் வண்டியில் முன்னால் இருப்பது ஒன்றே ஒன்று. அந்தத் திரை என் வண்டியுடையதே இல்லை. 2009, 2010 வாக்கில் வந்த வண்டி வைத்திருப்பவர்கள் இந்த சென்சார் எத்தனை என்று மட்டும் அடியில் குனிந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்வு, கேஸ்கெட், கூலன்ட், ஏர் ஃபில்டர், பாயின் கூலி எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். அதன் பிறகு மோனாக்சைடு 2.9-லிருந்து 0.9-க்கு இறங்கியது. என் பழைய தேன்கூடு உள்ளே இருந்திருந்தால் அன்றே 0.5-க்குள் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் பாய் சொல்கிறார். ஆனால் எடுத்துச் சென்ற பொருளை இனி எதை வைத்துச் சோதிப்பது? கடைசியில் கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் ஒழுங்கான பில்லோடு கன்வர்ட்டர் வாங்கிப் போட்டேன், 17,800. இப்போது மோனாக்சைடு 0.18, ஹைட்ரோகார்பன் 95. மைலேஜ் பதினைந்தைத் தாண்டுகிறது. முள் நடுவில் நிற்கிறது.

உங்களிடம் யாராவது கன்வர்ட்டரை மாற்றச் சொன்னால், முதலில் முள்ளைப் பாருங்கள், ஏர் ஃபில்டரைப் பாருங்கள், வண்டியை நன்றாகச் சூடாக ஓட்டிப் போய் இன்னொரு சென்டரில் அளந்து பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் வேலை தொடங்கும் முன்பே டப்பாவைப் போட்டோ எடுத்து, பழையது எனக்கு வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கொடுக்க முடியாது என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வேறு வண்டியை அளந்து கொடுத்த சீட்டை நம்பாதீர்கள். ரோட்டில் பிடித்து அளந்தால் மாட்டுவது நாம்தான், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம்.

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். "எங்க கிட்ட போட்டது புதுசுதான், வெளிய யாரோ மாத்திட்டாங்க" என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பலன் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். லிஃப்ட் போட்டோ, 11.12 சீட்டு, ஜிபே ரசீது, வெட்டித் திறந்த காலி டப்பா, நான்கையும் சேர்த்திருக்கிறேன். உள்ளே இருந்தது எங்கே போனது என்று அவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.