என் மெயிலுக்கு என்னைத் தெரியவில்லை

மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். நான்கு வார விடுமுறையில் ஆறு நாள் என் மின்னஞ்சல் கணக்கின் வாசலிலேயே கழிந்தது. போன் இணைப்பு, வங்கி, பயணச்சீட்டு என்று எதைப் பற்றியும் தனியாகக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்லாம் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றதுதான் தொல்லை.

இறங்கிய அன்றே உள்ளூர் சிம் போட்டுக்கொண்டேன். வெளிநாட்டு சிம்மைக் கழற்றி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தேன். ரோமிங் செலவு மிச்சம் என்று ஒரு சின்னப் பெருமை வேறு. மூன்றாம் நாள் போன் கைதவறி மாடிப்படியில் உருண்டது. திரை முழுக்கக் கறுப்பு. உயிர் மட்டும் இருந்தது. அழைப்போ செய்தியோ வந்தால் அதிரும், எடுத்துப் பார்க்க வழியில்லை. பழுது பார்ப்பவர், புதுத் திரை வர ஒரு வாரம் ஆகும், அதுவரை நீங்களே வைத்திருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, தங்கை வீட்டு லேப்டாப்பில் மெயிலைத் திறந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு சரிதான். ஆனால் இது நீங்கள்தானா என்று கேட்டது. உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்புகிறோம் என்று கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது. உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்த சிம்மின் எண் அது. தங்கையின் பழைய போனில் அந்த சிம்மைச் செருகினேன். சேவை இல்லை. கிளம்பும்போது ரோமிங்கைத் திறந்துவிட மறந்திருக்கிறேன். அதைத் திறக்க போன் நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்கான ஓடிபியை எங்கே அனுப்புவார்கள்? என் மெயிலுக்குத்தான்.

மெயிலுக்கு சிம் வேண்டும், சிம்முக்கு ரோமிங் வேண்டும், ரோமிங்குக்கு மெயில் வேண்டும். இன்னொரு வழியாக மீட்பு மின்னஞ்சல் ஒன்றையும் கொடுத்துத்தான் வைத்திருந்தேன். அது ஆறு வருஷத்துக்கு முன் நான் விட்டுவந்த அலுவலகத்தின் முகவரி.

இங்கேதான் புத்தி கெட்டுப்போனது. லேப்டாப்பில் நாலு முறை, தங்கை மகன் போனில் மூன்று முறை, பக்கத்து வீட்டுக் கணினியில் இரண்டு முறை என்று தட்டிக்கொண்டே இருந்தேன். நான் தட்டும்போதெல்லாம் மேஜையில் கிடந்த கறுப்புத் திரை போன் ஒரு தடவை நடுங்கி அடங்கியது. நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். "மாமா, விபிஎன் போட்டு நீங்க அங்கயே இருக்கற மாதிரி காட்டிடலாம்" என்றான் மருமகன். நம் இணைய இணைப்பை வேறோர் ஊர்க் கணினி வழியாகச் சுற்றிவிடுவதுதான் விபிஎன். அதையும் செய்தோம். யார் யாரோ பகிர்ந்துகொள்ளும் விபிஎன் முகவரியிலிருந்து போனால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டுள்ளது, பிறகு முயலவும் என்று வந்தது. பிறகு என்றால் எப்போது என்று இல்லை.

யோசித்துப் பார்த்தால் அந்த இயந்திரத்தின் மேல் தப்பில்லை. இப்போதெல்லாம் பாஸ்வேர்டு தெரிந்தால் மட்டும் உள்ளே விடுவதில்லை. வழக்கமான கருவியா, வழக்கமான பிரௌசரா, வழக்கமான இணைய இணைப்பா என்று பார்க்கிறார்கள். ஊருக்கு வருகிறவன் இந்த மூன்றையும் ஒரே நாளில் தொலைத்துவிட்டு, போன் எண்ணையும் மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். பாஸ்வேர்டைத் திருடியவனும் அச்சு அசலாக அப்படித்தான் வந்து நிற்பான். தெருவில் இறங்கியதும் நடையை வைத்தே நான் யார் மகன் என்று சொன்னார்கள். பதினைந்து வருஷமாகத் தினமும் பார்க்கும் மெயில்தான் நீ யார் என்றது.

மருமகன் இணையத்தில் தேடி வாடிக்கையாளர் சேவை என்று ஓர் எண்ணைக் கண்டுபிடித்தான். எடுத்தவர் வெகு அன்பாகப் பேசினார். ஐந்தாவது நிமிஷம், திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொன்னார். வைத்துவிட்டேன். இலவசக் கணக்கைத் தொலைபேசியில் மீட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் பொறிதான். கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் இதற்கென்று வைத்திருப்பது மீட்புப் பக்கம். மனிதரிடம் பேசி நிரூபிக்கும் ஏற்பாடு இல்லை. கூகுளின் உதவிப் பக்கமே சொல்வது இதைத்தான்: வழக்கமாக நுழையும் கருவியிலிருந்து, வழக்கமான பிரௌசரில், வழக்கமான இடத்திலிருந்து முயலுங்கள், கேள்விகளைத் தாண்டாமல் பதில் சொல்லுங்கள், நினைவிலிருக்கும் கடைசி பாஸ்வேர்டைக் கொடுங்கள். அதாவது ஊரிலிருந்து முயலாதீர்கள்.

அப்புறம்தான் வெளிநாட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட் ஞாபகம் வந்தது. அதில் என் மெயில் பல வருஷமாக ஓடியிருக்கிறது. அங்கேயே இருந்த மனைவியை அழைத்து, அதை எடுத்து சார்ஜ் போடச் சொன்னேன். ஆனால் குறியீடு வர சிம் உயிர்பெற வேண்டுமே. போன் நிறுவனத்தைத் தங்கையின் போனிலிருந்து அழைத்தேன். முக்கால் மணி நேரம் இசை கேட்டபின் ஒருவர் வந்தார். பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரி, கடைசி பில் தொகை என்ன என்றார். பில்லும் மெயிலில்தான். நல்லவேளை, மனைவி எப்போதோ அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தார். இன்னொரு போனில் அவர் வாசிக்க, இந்தப் போனில் நான் ஒப்பித்தேன். மாலைக்குள் ரோமிங் வந்துவிட்டது.

அன்றே அவசரப்பட்டு லேப்டாப்பில் ஒருமுறை முயன்றேன். குறியீடு வந்தது, அதன் ஆயுள் முடிந்த பிறகு. மறுபடி பூட்டு. அதன்பின் இரண்டு நாள் யாரும் எதையும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன், முக்கியமாக எனக்கே.

மூன்றாம் நாள் நான் சிக்னல் கிடைக்கும் மொட்டைமாடியில், மனைவி அங்கே வீட்டு வைஃபையில் டேப்லெட்டோடு. இந்த முறை குறியீடு உடனே வந்தது. நான் வாசித்தேன், அவர் போட்டார், திறந்துகொண்டது. புது பாஸ்வேர்டை அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். நான் லேப்டாப்பில் நுழைந்தபோது டேப்லெட்டில் கேள்வி வந்திருக்கிறது. "யாரோ உள்ள வரப் பாக்கறாங்களாம். நீங்கதானா? ஆம்னு அழுத்தவா வேண்டாமா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அழுத்தினார்.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் கருவிகளின் பட்டியல், மெயிலை வேறெங்கும் திருப்பிவிடும் அமைப்பு, வடிகட்டிகள் மூன்றையும் பார்த்தேன். வேற்றாள் யாரும் நுழைந்திருக்கவில்லை. மீட்பு முகவரியைத் தங்கையுடையதாக மாற்றினேன். இந்த மாற்றங்களையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. மைக்ரோசாஃப்ட் கணக்கில், பழைய எண்ணோ முகவரியோ எதுவும் கையில் இல்லாமல் பாதுகாப்பு விவரங்களை மொத்தமாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். விடுமுறையே முடிந்துவிடும்.

நுழைவுக் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கிக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி சிம் இல்லாமலும் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் அந்தக் குறியீடு, போனிலுள்ள ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் வைத்தே உருவாகிறது. ஆனால் போன் மாடிப்படியில் உருண்டால் அதுவும் கூடவே உருளும். கூகுள் தன் ஆதென்டிகேட்டரில் 2023-இல் அந்தக் குறியீடுகளைக் கூகுள் கணக்கோடு சேமிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அந்தக் கணக்கே பூட்டிக் கிடந்தால் மறுபடி பழைய வட்டம். இதற்கெல்லாம் மேல் எனக்குப் பிடித்தது காகிதம்தான். கூகுளில் இரண்டு படிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் ஏற்பாடு) வைத்திருப்பவர்கள் எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்து எடுத்துக்கொள்ளலாம்; ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லும். புதிதாகப் பத்து எடுத்தால் பழையவை செல்லாது. ஒரு தாளில் அச்சிட்டு, கணக்கின் பெயரை எழுதாமல், பாஸ்போர்ட்டோடு இல்லாமல் வேறு பையில் வைத்தால் போதும்.

மறுநாள் போனுக்குப் புதுத் திரை வந்தது. திறந்ததும் மேலிருந்து கீழ்வரை அறிவிப்புகள். நண்பர்கள் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. யாரோ உங்கள் கணக்கில் நுழைய முயல்கிறார், இது நீங்களா என்று ஒன்பது முறை கேட்டிருந்தது.