ஒரே ஆளுக்கு இரண்டு ஓ.பி. சீட்டு

தமிழ்நாட்டில், ஊரில் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவு அப்படியே இருக்கிறது. அதே வரிசை, தைலத்துக்குக் காலிப் புட்டி, காசில்லாத சூரணம். குறை சொல்ல மனம் வராது, அந்த ஓ.பி. (புறநோயாளி) சீட்டைப் பார்க்கும் வரை.

வயதான அம்மா ஒருவர். காலையில் பொது மருத்துவத்தில் ஒரு சீட்டு: தைராய்டு குறைவுக்குத் தைராக்சின். பிறகு எதிர்க் கட்டடத்தில் வேறு எண்ணோடு இன்னொரு சீட்டு: ரத்தசோகைக்கு அயக்காந்தச் செந்தூரம். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் பின்னால். வயதும் இரண்டு தள்ளி. கணினிக்கு அவர் இரண்டு பேர்.

செந்தூரம் என்பது இரும்பு. குடலில் தைராக்சினைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது வேண்டும். சித்த மருத்துவரைக் குறை சொல்லி என்ன பயன்? கைக்கு வந்த சீட்டைத்தானே அவர் பார்க்க முடியும். அடுத்த ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறைந்தால் கூடும் டி.எஸ்.எச். ஏறியிருந்தால் அந்தப் பக்கம் மாத்திரை அளவைக் கூட்டுவார்கள். செந்தூரம் முடிந்ததும் அதே அளவு அதிகமாகிப் படபடப்பு வரும்.

இதே சீட்டை வைத்துத்தான் மாதக் கணக்கும். பக்கவாதக்காரர் தொக்கணத்துக்கு (சித்த மருத்துவ மசாஜ்) ஏழு நாள் வந்தால் ஏழு நோயாளி! மேலே இருப்பவர் எண்ணைப் பார்த்து மருந்து கூடுதலாகக் கேட்பார். உண்மையில் தேவை ஒரு பெண் தொக்கண உதவியாளரும் இன்னொரு மேசையும். ஆள் வேறு, வருகை வேறு என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும். அதோடு ஒரு தொக்கணத்துக்கு எத்தனை நிமிடம், தொடங்கியவரில் எத்தனை பேர் முடித்தார்கள், முதல் நாளும் நான்காம் வாரமும் பத்துக்கு எத்தனை வலி, கூடவே என்ன ஆங்கில மருந்து, இவ்வளவும் இருந்தால் ஆளையும் இடத்தையும் திட்டமிடலாம்.

நோய்க் கட்டத்தில் வெறும் ‘வாதம்’. மூட்டுத் தேய்மானமும் பக்கவாதமும் அதே சொல்லுக்குள் அடக்கம். மூட்டுத் தேய்மானத்துக்கு அழல்கீல் வாயு என்று எழுத என்ன தடை? இந்திய ஆயுஷ் அமைச்சின் நமஸ்தே தளத்தில் சித்த நோய்க் குறியீடுகள் இருக்கின்றன; 2024 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இலும் சித்தாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. இந்தியாவில் ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க ஆபா எண்ணைக் கேட்டுப் பதிந்தால் இரண்டு சீட்டும் ஓர் ஆளிடம் சேரும். விடுமுறைக்குப் போகும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அந்த வழியும் பெரும்பாலும் இல்லை, ஆதார் கிடையாதே. சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் வைத்து இரண்டு மருத்துவரிடமும் காட்ட வேண்டியதுதான்.

இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் அடையாள அட்டையை நீட்டினால் மருத்துவமனைப் பதிவும் வந்துவிடும் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் பாரம்பரிய மருத்துவத்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெறுவது சீன மருத்துவம் செய்பவர்கள் மட்டுமே. தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கும் சூரணம் நாமாகச் சொல்லாவிட்டால் எந்தத் திரையிலும் வராது. அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீர் பிரிய நீர் மாத்திரை எடுப்பவர்கள் புட்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள். லேபிள் தமிழில் மட்டும் இருந்தால் சரக்குகளின் தாவரப் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள்.